ரூமுக்கு நாலு சைக்கிள்

மளிகைக் கடையில் சுருட்டிக் கொடுத்த புதுக் காலண்டரை வீட்டுக்கு வந்து பிரித்தேன். மையும் பசையும் இன்னும் காயாத அட்டையுமாக ஒரு வாசனை எழுந்தது. சென்னையில் என் சமையலறையில் நின்றவன், இழுத்த மூச்சை விடுவதற்குள் சாத்தூருக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டு ரோட்டில் நின்றேன். கையில் காற்றுப் போன வாடகை சைக்கிள். ஒரு நிமிடத்துக்கு முன்பு பன்னிரண்டு பேர் இருந்த ரோட்டில் ஓர் ஆள் இல்லை.

அந்தப் பக்கம் நான் போனதே இந்த வாசனைக்காகத்தான். வரி எழுதிப் பிழைப்பவன் நான். கவிதையா உரைநடையா என்று கேட்பவர்களிடம், இரண்டுக்கும் நடுவே ஒண்டுக்குடித்தனம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாற்பத்தேழு வயதாகியும் ஒரு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காரத் தெரியாத என்னிடம், தினசரி காலண்டருக்கு நாளுக்கு ஒரு வரி வீதம் வருஷம் முழுவதற்கும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். சிவகாசி அச்சகத்துக்கு வந்து ப்ரூஃப் திருத்தித் தரச் சொன்னார்கள். போனேன்.

ஆவணி மாதம். பட்டாசு சீசன். தீபாவளி ஆர்டர் போட வந்த வடநாட்டு வியாபாரிகள் சிவகாசி லாட்ஜுகளின் கட்டில்களை எல்லாம் பிடித்துவிட்டார்கள். சாத்தூரில் ஓர் அறை கிடைத்தது. அறைக்கு எதிரே மிளகாய் வத்தல் மண்டி. ஜன்னலைத் திறந்ததும் தும்மினேன். இரண்டாவது தும்மல். மூன்றாவது.

"மூணு வரைக்கும் தும்மலாம்" என்று கீழேயிருந்து ஒரு குரல். "அதுக்கு மேல தும்முனா ஊரு ஒத்துக்கிடலைன்னு அர்த்தம். கீழ வாங்க, டீ சாப்பிடுவோம்."

மண்டிக்காரர் காதர் பாய். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, அதற்குள் அடங்க மறுக்கும் வயிறு. மூட்டைகளுக்கு நடுவே, கல்யாண வீட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரனைப் போல, பளபளவென்று ஒரு கியர் சைக்கிள் நின்றது. மதுரையில் வாங்கியதாம். நடுக்கம்பி தாழ்வாகச் சரிந்த சைக்கிள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஓட்டுவீகளா?"

"தினமும் காலையில் பீச் ரோட்டில்" என்றேன். நான் பீச் ரோட்டில் தினமும் காலையில் செய்வது நடை. அதுவும் சூடான வடை கிடைக்கும் கடை வரைக்கும்தான். ஆனால் எழுதுகிறவன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டால் பாதியில் விட முடிவதில்லை.

"அப்ப நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அஞ்சரைக்கு வந்திருங்க" என்றார். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஒரு சைக்கிளும் பிடித்துக் கொடுத்தார். கறுப்பு நிறம், உயரக் கம்பி, மணி அடித்தால் மட்கார்டும் சேர்ந்து அடிக்கும்.

*

ஞாயிறு விடிந்தது. மண்டி வாசலில் பன்னிரண்டு சைக்கிள்கள். சென்னையில் இப்படிக் கூடுகிறவர்கள் தலைக்கவசம், கையுறை, உடம்போடு ஒட்டிய கால்சட்டை என்று ஏதோ விண்வெளிக்குப் போகிறவர்களைப் போல வருவார்கள். இங்கே வேட்டி மடித்துக் கட்டியவர் நான்கு பேர், லுங்கி மூவர், பேண்ட்டின் அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அச்சகத்தில் லேபிள் வெட்டும் அண்ணன் தம்பி இருவரும் பெயர் அடித்த பனியன் போட்டிருந்தார்கள்: 'ஞாயிறு சைக்கிள் கழகம்'. எழுத்தும் நிறமும் அச்சும் அமர்க்களம். அச்சுக்கு மட்டும் அந்த ஊரில் யாரும் குறை வைப்பதில்லை.

கழகத்தின் தலைவர் குருசாமி. பட்டாசு ஆலையில் போர்மேன். ஒல்லி, விசில், சிரிக்காத மீசை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். முகம் சுருங்கியது.

"பதிமூணு" என்றார். "கணக்கு இடிக்குதே பாய்."

எனக்குப் புரியவில்லை. பாய் விளக்கினார். பட்டாசு ஆலையில் வெடிமருந்து புழங்கும் ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெட்டவெளி விட்டிருக்க வேண்டும். ஒன்றில் ஏதாவது நடந்தால் மற்றது தப்பிக்கட்டும் என்பதற்காக. குருசாமி முப்பது வருஷமாக இப்படித்தான் மனிதர்களைப் பார்த்து வந்திருக்கிறார். கழகத்தையும் ரூமுக்கு நாலு பேராகப் பிரித்துவிட்டார். முதல் ரூம், அப்புறம் ஐம்பது அடி வெளி, இரண்டாம் ரூம், மறுபடி வெளி. பன்னிரண்டு பேர், மூன்று ரூம், சுத்தம். நான் வந்து கெடுத்தேன்.

"அஞ்சு பேரை ஒரு ரூம்ல விடமாட்டேன். சாரு பின்னால தனியா வரட்டும். நாலாம் ரூம்."

"மெட்ராசுலருந்து வந்தவருக்குத் தனி ரூம் குடுக்காம?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தக் குரல் மாரித்தாயுடையது. கழகத்தின் ஒரே பெண். நாற்பது வயது இருக்கும். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. சைக்கிள் அவளுடையது அல்ல, மகளுடையது. பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேடீஸ் சைக்கிள். முன்னால் கம்பிக் கூடை, கூடைக்குள் தண்ணீர்ப் பாட்டிலும் வெள்ளரிக்காயும். மகள் ஆறு நாள் மிதிக்கிறாள், அம்மா ஞாயிறு மிதிக்கிறாள்.

அன்றைய பயணம் இருக்கன்குடி மாரியம்மன் கோவில் வரை, எட்டு கிலோமீட்டர். சென்னையில் சைக்கிள் கூட்டத்தில் ஒருவன் முன்சக்கரம் இன்னொருவன் பின்சக்கரத்தை முகர்ந்துகொண்டே போகும். இங்கே இடைவெளி ஓர் ஒழுக்கம். எனக்கு முன்னால் மூன்று ரூம்கள் விடியல் ரோட்டில் மிதந்து போயின. நாலாம் ரூமில் நான் தனியாக, மட்கார்டு சங்கீதத்தோடு.

அத்தனை பேரும் மாரியம்மனைப் பார்க்கப் போனபோது பாய் ஆற்று மணலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கினார். நானும் உட்கார்ந்தேன். அவர் செல்போன் அடித்தது. மனைவி மைமூன்.

"இருக்கன்குடிதான் மைமூனு. உக்காந்துதான் இருக்கேன். இல்ல, வேர்க்கல. சரி. சரி. சத்தியமா வேர்க்கல."

வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, மதுரை ஆஸ்பத்திரியில் இதய அடைப்புக்குக் குழாய் வைத்து அனுப்பினார்கள். நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்தால் முழங்கால் விடவில்லை. அதனால் சைக்கிள். மைமூன் முதலில் சம்மதிக்கவில்லை; பிறகு ஒரு நிபந்தனை போட்டார். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகட்டும், ஆனால் போன மனுஷன் தன் காலால் மிதித்துத் திரும்ப வேண்டும். ஒரே ஒரு நாள் ஆட்டோவிலோ வேனிலோ கொண்டுவந்து இறக்கினார்கள் என்றால், அன்றோடு சைக்கிள் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

"ஒரு வருசமா எஞ்சின் வச்ச எதுலயும் ஏறி வரல" என்றார் பாய். வெள்ளரித் துண்டில் மிளகாய்ப் பொடியைத் தொட்டுக்கொண்டார். "முப்பது வருசம் மூட்டைக்கு நடுவுல உக்காந்து மண்டிக்கு மேல இருக்கிற வானத்தை மட்டும்தான் பாத்தேன். இந்த ஊருல இம்புட்டு வானம் இருக்குன்னு போன வருசந்தான் தெரியும். அதை விட்டுட முடியாது சார்."

நான் காலண்டருக்கு எழுதிய எந்த வரியும் அந்த அளவுக்கு இல்லை. கடுப்பாக இருந்தது.

*

திங்கள் முதல் வியாழன் வரை பஸ்ஸில் சிவகாசி போய் வந்தேன். 'மழை வந்து போன பிறகு மண் எழுதும் கடிதம்' என்று ஒரு நாளுக்கு எழுதியிருந்தேன். இராகு காலத்துக்கு இடம் போதாமல் 'மழை வந்து போன பிறகு மண்' என்று நிறுத்தியிருந்தார்கள். அச்சக மேலாளர் சொன்னார்: "இப்பத்தான் சார் நல்லா இருக்கு." அவர் சொன்னது சரி என்பதுதான் வலித்தது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஜன்னல் வழியாக ஒரு கம்பெனி வேனைப் பார்த்தேன். பத்துப் பேர் உட்காரும் வண்டிக்குள் இருபது பெண்கள், மடியில் தூக்குவாளிகள். அந்த நெரிசலிலிருந்து ஒரு கை நீண்டு ஆடியது. மாரித்தாய்.

"நாலாம் ரூமு! சௌக்கியமா இருக்கீகளா?"

பஸ் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் வீட்டில் விருந்து. மைமூன் ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர், பேசும்போது எதிராளியின் முகத்தை விட்டுப் பார்வையை நகர்த்தாதவர். எனக்குப் பிரியாணி. பாய்க்குக் கோதுமைத் தோசை இரண்டு. பாய் என் தட்டைப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கில்லை.

"ஞாயித்துக்கிழமை ஏழாயிரம்பண்ணையாமே" என்றார் மைமூன். "போக வர நாப்பது கிலோமீட்டராம். நீங்களும் போறீகளா?"

"போகிறேன்."

"இவுக வாசல்ல வந்து இறங்குற வரைக்கும் என் உசுரு எங்கிட்ட இருக்காது. விளையாட்டா நினைக்காதீக. ஆஸ்பத்திரிக்கு இவுகளை வேன்லதான் ஏத்திட்டுப் போனோம். வேன் சத்தம் வாசல்ல கேட்டா இன்னும் கை நடுங்குது. இவுக மறுபடி வேன்ல வந்து இறங்குனா நான் தாங்கமாட்டேன். அதான் சொல்லிட்டேன்."

இதுவரை வேடிக்கையாகத் தெரிந்த நிபந்தனை அந்த இடத்தில் வேடிக்கையாக இல்லை. பாய் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் குற்றமும் அன்று காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டது. போன வாரம் கடைசியில் வந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. டயர் கல்லைப் போல இருந்தால் சைக்கிள் பறக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். வாடகைக் கடைக்காரர், "வெயில் ஏறுற ரோடு சார், காத்து கொஞ்சம் கம்மியாவே இருக்கட்டும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் லாட்ஜ் வாட்ச்மேனிடம் பம்பு வாங்கி, கை வலிக்கும் வரை அடித்தேன்.

புறப்பட்டோம். அச்சங்குளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வறண்ட காடு. காட்டுக்குள் தள்ளித் தள்ளித் தீப்பெட்டியை அடுக்கி வைத்ததைப் போலச் சின்னச் சின்ன அறைகள். ஓர் ஆலை வாசல் வந்ததும் குருசாமி விசில் அடித்தார். எல்லாரும் இறங்கினார்கள். செல்போன்களை அணைத்தார்கள். வாசல் தாண்டும் வரை தள்ளிக்கொண்டே நடந்தார்கள். ரோடு பொது ரோடு, யாரும் இறங்கச் சொல்லவில்லை, இருந்தும் இறங்கினார்கள். இன்னொன்றையும் கவனித்தேன். இவர்களில் யாரும் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிடுவதில்லை. குனிந்து கையால் இறக்குகிறார்கள். இரும்பு கல்லில் பட்டால் பொறி வரும். அந்தக் கவனம் கைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

தள்ளிக்கொண்டு நடக்கும்போது மாரித்தாயிடம் கேட்டேன்: "வாரம் முழுக்க வருகிற ரோடுதானே? ஞாயிறும் ஏன் இங்கேயே?"

"ஆறு நாளும் வேன் எங்கன திரும்புதோ அங்கன நானும் திரும்புறேன்" என்றாள். "ஒரு நாளாச்சும் நான் திருப்புற பக்கம் திரும்பட்டுமே. சீசன்ல ஞாயித்துக்கிழமையும் வேலைக்குக் கூப்பிடுறாக. வேன்ல ஏறமாட்டேன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு எவன் கூப்பிட்டாலும் ஏறமாட்டேன்."

ஏழாயிரம்பண்ணையில் ஒரு ஹோட்டலில் காலைப் பலகாரம். தோசைக்குக் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் இலை முன் உட்கார்ந்ததும் கல்லாக்காரர் எழுந்து வந்தார்.

"பாய்க்கு இட்டிலி மட்டும். காலையிலயே வீட்டுலருந்து போன் வந்திருச்சு."

"உங்க நம்பரு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"வத்தல் உங்க மண்டியில தானே பாய் வாங்குறோம். பில்லுல உங்க நம்பரும் எங்க நம்பரும் இருக்கே."

திரும்பும்போது மணி பத்து. வெயில் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. தார் ரோடு இளகி டயரோடு பேசியது. முன்னால் மூன்று ரூம்கள், பின்னால் நான். அச்சங்குளம் வருவதற்கு முன், ஒரு பாலத்துக்குப் பக்கத்தில், என் பின் டயர் வெடித்தது.

சாதாரணச் சத்தம் இல்லை. அந்த வெட்டவெளியில் அது ஆளுயரத்துக்கு எழுந்தது.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் ரோட்டில் யாரும் இல்லை. பன்னிரண்டு சைக்கிள்கள் தாறுமாறாகக் கிடந்தன. சில சக்கரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. ஆட்கள் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாத்தியாரின் ரப்பர் பேண்ட் பாதி வழியில் கிடந்தது. மிளகாய் மண்டிக்கும் பட்டாசுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத காதர் பாய், வயிற்றைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலியையெல்லாம் மறந்து, எல்லாரையும் விட வேகமாக ஓடிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் இவர்களோடு மிதித்ததில் அவர் காலுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நூறு கஜம் தள்ளிக் கருவேல மரத்தடியில் நின்று குருசாமி கத்தினார்.

"ஒண்ணாம் ரூம்?"

"நாலு!"

"ரெண்டாம் ரூம்?"

"நாலு!"

"மூணு?"

"நாலு!" மாரித்தாயின் குரல்.

"நாலாம் ரூம்?"

எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"ஒண்ணு" என்றேன். "டயர்தான்."

பிறகு அண்ணன் தம்பியில் தம்பி சிரிக்க ஆரம்பித்தான், எல்லாரும் சிரித்தார்கள், வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டாந்தரையில் உட்கார்ந்தே விட்டார். குருசாமி மட்டும் சிரிக்காமல் நடந்து வந்தார்.

"ஏன் சார் நின்னீக?"

"என்னவென்று பார்க்க..."

"சத்தம் கேட்டா என்னன்னு பாக்க நிக்கக் கூடாது சார். பாக்க நின்னவுக யாரும் பாத்ததைச் சொல்ல வந்ததில்ல."

"அவரு எப்படி ஓடுவாரு?" என்றாள் மாரித்தாய். "நாம ஓடுறதை நின்னு பாத்தாத்தானே எழுத முடியும்."

பாய் மெல்ல நடந்து வந்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. சிரிப்பு நின்றது. "ஒண்ணுமில்ல, ஓடுன மூச்சு" என்றார். பாலத்துக் கட்டையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, குருசாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் போனது. மூச்சு சீரானது. கை கீழே இறங்கியது.

அப்புறம்தான் சைக்கிளைப் பார்த்தார். அவர் தூக்கி எறிந்துவிட்டு ஓடிய கியர் சைக்கிளின் மேல் வாத்தியாரின் பழைய இரும்புக் குதிரை விழுந்திருந்தது. முன்சக்கரம் பொரித்த அப்பளமாக மடங்கிக் கிடந்தது. பக்கத்துக் கடை எதுவும் அதை நிமிர்த்தாது.

அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. ஆட்களை ஆலையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏறுங்க பாய். வீட்டு வாசல்ல இறக்கிவிடுறேன்."

பாய் தலையை ஆட்டினார். "வேண்டாம்பா. மிதிச்சே போயிடுறேன்."

"எதை மிதிப்பீக? அப்பளத்தையா?"

குருசாமி தன் சைக்கிளைக் கொண்டுவந்தார். உயரக் கம்பி. பாய் காலைத் தூக்கினார். கால் கம்பிக்குக் கீழேயே நின்றது. பாலத்துக் கட்டையில் ஏறி முயன்றார், முழங்கால் மடங்கவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அந்தப் பக்கமாகச் சரிந்தார். மற்ற ஆண்களின் சைக்கிள்களும் அதே உயரம்தான். பாய் பாலத்தில் திரும்ப உட்கார்ந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையில் என் கிழிந்த டயரோடு நின்றேன்.

மாரித்தாய் கூடையிலிருந்த வெள்ளரிக்காயை எடுத்து முந்தானையில் கட்டிக்கொண்டாள். லேடீஸ் சைக்கிளைத் தள்ளிவந்து பாய்க்கு முன்னால் நிறுத்தினாள். குனிந்து ஸ்டாண்டைக் கையால் இறக்கினாள்.

"கம்பி இல்ல. ஏறுங்க."

"நீ எப்படி வருவ தாயி?"

"வேன்ல."

"நீ இன்னைக்கு ஏறமாட்டேன்னு..."

"ஆறு நாளோட ஏழு நாளு. ஏறுங்கண்ணே, வெயிலு கூடுது."

பாய் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் வேனில் ஏறிவிட்டாள்.

*

பாயுடையதும் என்னுடையதுமாக இரண்டு சைக்கிள்களையும் ஏற்றி, நானும் ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"காலையில கூப்பிட்டதுக்கு, செத்தாலும் ஏறமாட்டேன்னியே?"

"காலையில சாகல. அதான் ஏறல. ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள்.

சற்றுத் தூரத்தில் கழகத்தைப் பிடித்தோம். நடு ரூமில் பாய். கம்பிக் கூடையும் மணியும் வைத்த பள்ளிக்கூடச் சைக்கிள் அவருக்கு அடியில் காணாமல் போயிருந்தது. முட்டி இரண்டும் வெளிப்பக்கம் விரிய மிதித்துக்கொண்டிருந்தார், ஆனாலும் மிதித்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாத் தாண்டு" என்றாள் மாரித்தாய் டிரைவரிடம். "அவுக மேல புழுதி அடிக்கும்."

"டயரில் நான்தான் அளவுக்கு மேல்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். காலையிலயே அமுக்கிப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேப்பீகளா? தினம் பீச் ரோட்டுல ஓட்டுறவரு."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேன் தனக்குத் தெரிந்த இடங்களில் எல்லாம் தானாகத் திரும்பியது. சாத்தூர் நெருங்கும்போது வெள்ளரிக்காய் ஒன்றை இரண்டாக ஒடித்து, பெரிய பாதியை என்னிடம் கொடுத்தாள்.

பாய் வீட்டு வாசலில் வேன் நின்றது. சத்தம் கேட்டு மைமூன் வெளியே வந்தார். அதற்குள் யாரோ போன் செய்திருக்கிறார்கள். பாய் காட்டில் விழுந்துவிட்டார் என்பதுவரைதான் செய்தி வந்திருந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்து மடங்கிய சைக்கிளை இறக்கினார். மைமூன் சைக்கிளைப் பார்த்தார். வேனுக்குள் பார்த்தார். பாய் இல்லை. மைமூனின் கை கதவு நிலையைத் தேடிப் பிடித்தது.

நான் வருஷம் முழுவதற்கும் வரி எழுதியவன். நான் சொல்லைத் தேடுவதற்குள் மாரித்தாய் முந்திக்கொண்டாள்.

"அண்ணன் மிதிச்சு வாராக" என்றபடி ஒரே தாவலில் இறங்கி அவர் கையைப் பிடித்தாள். "ஒரு காயமில்ல. என் சைக்கிள்ல வாராக. இந்தா வந்துருவாக."

"என்கிட்ட மறைக்காத தாயி."

"என் மக மேல சத்தியம்."

மைமூன் வாசற்படியில் உட்கார்ந்தார். மாரித்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் இருந்தோம். தெருவில் போன ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் மைமூன் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

கடைசியில் முதல் ரூம் முனை திரும்பியது. நான்கு பேர். அப்புறம் வெற்றிடம். அந்த வெற்றிடம் அன்று எனக்கு மைல் கணக்கில் நீண்டது. அப்புறம் இரண்டாம் ரூம். அதன் நடுவில், ட்ரிங் ட்ரிங் என்று மணியடித்துக்கொண்டு, லேடீஸ் சைக்கிளில் காதர் பாய். தெருப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். முகம் மிளகாய் வத்தல் நிறத்தில் இருந்தது, பல்லெல்லாம் வெளியே தெரிந்தது.

மைமூன் அவரைப் பேச விடவில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டினார். குடிக்கும் வரை நெஞ்சையே பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து, வாய்க்குள் ஏதோ எண்ணினார்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"இல்ல மைமூனு. பின்பக்கந்தான் வலிக்குது. சீட்டு சின்னது."

மாரித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். மைமூன் சிரிக்கவில்லை. குருசாமியைப் பார்த்தார். "வேன் வந்துச்சாமே. ஏறச் சொன்னீகளா?"

"டிரைவரு கூப்பிட்டான்மா. பாய் ஏறல."

மைமூன் மணிக்கட்டை விட்டார். மாரித்தாயை உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பிட உட்கார வைத்தார். வேண்டாம் என்று சொன்னவளை விடவில்லை. அவள் கிளம்பும்போது கூடையில் ஒரு தூக்குவாளி ஏறியது. அவள் சைக்கிளில் ஏறி, தெருமுனையில் வீட்டுக்குப் போகும் பக்கம் திரும்பாமல், எதிர்ப்பக்கம் திரும்பிப் போனாள்.

எனக்குச் சாயங்காலம் ரயில். சொல்லிக்கொள்ளப் போனேன். பாய் சாய்வு நாற்காலியில், மடங்கிய சக்கரத்தை மடியில் வைத்து, எந்தக் கம்பி ஒடிந்தது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மைமூன் ஒரு காராச்சேவுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"யாரு டயரு வெடிச்சது?" என்றார், பார்வையை நகர்த்தாமல்.

வகுப்பில் பிடிபட்டவனைப் போலக் கையைத் தூக்கினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் என்னை நிதானமாக எடை போட்டன. பிறகு கணவரின் பக்கம் ஒரு முறை திரும்பிவிட்டு, வாசல் வரை கூட வந்தார்.

"நீங்க எழுதுறவுகதானே? எழுதுங்க. மிதிக்கிறதை இவுக பாத்துக்கிடுவாக."